நாவலில் காணாமல் போனவளும் வீட்டில் இருக்கும் மகளும்

கடிதம் எழுதியவர் 45 வயதுத் தாய். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாவலின் முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. ஆகவே இனிமேல் படிக்கப் போகிறவர்களை நினைத்து அதன் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

இவர் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்பு வட்டம் ஒன்றில் இருக்கிறார். மொத்தம் 9 பேர். சென்ற மாதம் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு சஸ்பென்ஸ் நாவல். 18 வயது மகள் ஒரு மாலை, தோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போகிறாள். திரும்பவில்லை. அம்மா தேடத் தொடங்குகிறாள். தேடத் தேட, மகளைப் பற்றித் தனக்குத் தெரியாதவை ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன: இரண்டாவதாக ஒரு செல்போன், தோழி சொன்ன பொய், யாருக்கும் தெரியாத வங்கிக் கணக்கு. முதலில் டியூஷன் மாஸ்டர் மேல் சந்தேகம் விழுகிறது, அப்புறம் மாற்றாந்தந்தை மேல். கடைசியில் பார்த்தால் கடத்தலும் இல்லை, கொலையும் இல்லை. ஓராண்டாகத் திட்டம் போட்டு அவளாகவே போயிருக்கிறாள். அத்தை உதவியிருக்கிறாள். அம்மாவுக்குத்தான் எல்லாம் கடைசியில் தெரிகிறது.

வட்டத்தில் பெரும்பாலானவர்கள் அந்த அம்மாவைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். "பெத்த பொண்ணு மனசு தெரியாதவ எல்லாம் ஒரு அம்மாவா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "இப்படிப்பட்டவளுக்கு இது நடக்கத்தான் செய்யும்" என்று இன்னொருவர். நம் வாசகி ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். இதற்கிடையில் அவருடைய 17 வயது மகள் அதே நாவலை ஒரே இரவில் படித்து முடித்துவிட்டு, மறுநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "அவ போனது சரிதான்மா. நானா இருந்தா இன்னும் முன்னாடியே போயிருப்பேன்."

அன்றிலிருந்து மூன்று வாரமாக இவருக்குத் தூக்கம் இல்லை. இரவில் எழுந்து மகள் படுத்திருக்கிறாளா என்று பார்க்கிறார். அவளுடைய இழுப்பறையைத் துழாவியதில் ஒரு பழைய சிம் கார்டு கிடைத்தது. நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். நாவலின் நாயகியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாள்: "அவளுக்குக் கதவு இருந்துச்சு, எனக்கு ஜன்னல்தான்." கணவர் வேலை காரணமாக அடிக்கடி வெளியூர் போகிறவர். "ஒரு கதைப் புத்தகத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று போனிலேயே முடித்துவிட்டார். தம்பியோ, மகளுக்குத் தெரியாமல் அவள் போனில் ஒரு கண்காணிப்புச் செயலியைப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். மகள் சொன்னது எச்சரிக்கையா, செயலியைப் போடலாமா, இந்த மாதிரி நாவல்களை இனி வீட்டுக்குள் விடலாமா என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் கணவர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். இதைக் கதைப் புத்தகம்தானே என்று தள்ளிவிட முடியாது. கதை என்று தெரிந்தே படித்தாலும், மனம் முழுக்க உள்ளே போய்விட்டால் அந்தக் கதையின் உலகம் கொஞ்சம் நம்மோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். மெலனி கிரீன், திமோதி ப்ராக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2000-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். அவர்கள் படிக்கக் கொடுத்த கதைகளில் ஒன்றில், ஒரு கடைவளாகத்தில் சிறுமி ஒருத்தி தாக்கிக் கொல்லப்படுகிறாள். அதில் ஆழ்ந்துபோனவர்கள், உலகம் அந்தக் கதையில் வருவது போலத்தான் இருக்கிறது என்று நம்பும் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருந்தார்கள். நடந்தது, கற்பனை என்று எப்படிச் சொல்லிக் கொடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நீங்கள் இரண்டே இரவில், வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாத நேரத்தில், ஒரு தாயின் கண் வழியாகவே சொல்லப்பட்ட கதையைப் படித்திருக்கிறீர்கள். தூக்கம் போனதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் இப்படி ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் சில நாட்களில் தானாக உதிர்ந்துவிடும். உங்களுக்கு உதிரவில்லை. காரணம் நாவலில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மகள் சொன்ன இரண்டாவது வாக்கியம்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "இன்னும் முன்னாடியே போயிருப்பேன்" என்று மகள் சொன்னதை நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் அடிக்கோடும் உண்டு. அதற்கு அடுத்து அவள் சொன்னதை ஒரே ஒரு இடத்தில், அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். "அந்த அம்மா அவகிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கல, கவனிச்சியா?"

கடிதம் வந்த பிறகு நானும் அந்த நாவலை வாங்கிப் படித்தேன். (கடைசி அத்தியாயத்தை முதலில் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அதனால் பயமில்லாமல் படித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.) உங்கள் மகள் சொன்னது சரியா என்று முதல் பகுதியைத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். மகள் காணாமல் போவதற்கு முந்தைய பக்கங்களில் அந்த அம்மா மகளிடம் நிறையப் பேசுகிறாள். நினைவுபடுத்துகிறாள், எச்சரிக்கிறாள், பெருமைப்படுகிறாள், உறவினர்களிடம் அவளுக்காகப் பதில் சொல்கிறாள். கேள்வி என்று பார்த்தால் ஒன்றே ஒன்று: "எத்தனை மணிக்கு வருவே?" உங்கள் வட்டத்தில் இதை யாரும் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. எனக்கும் முதல் வாசிப்பில் கண்ணில் படவில்லை. 17 வயதுப் பெண் ஒருத்திக்குப் பட்டிருக்கிறது. அவள் நல்ல வாசகி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வயதில் பிள்ளைகள் தங்களைப் பற்றி நேராகச் சொல்வது அபூர்வம். கதையில் வருகிறவர்கள், நண்பர்கள், யாரோ ஒரு நடிகை என்று அடுத்தவர்களை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் சொல்வார்கள். சொன்னது பிடிக்கவில்லையென்றால் "நான் கதையைத்தானே சொன்னேன்" என்று பின்வாங்கிக்கொள்ள வசதி. உங்கள் மகள் பேசியது ஒளித்து வைத்த இடத்தில் இல்லை. எதிரில் உட்கார்ந்து, உங்கள் முகத்தைப் பார்த்து, "கவனிச்சியா" என்றும் கேட்டிருக்கிறாள். என் வாசிப்பில் அது "நான் போகப் போகிறேன்" என்பதைவிட "என்னிடம் ஏதாவது கேள்" என்பதற்குத்தான் நெருக்கமாக இருக்கிறது. சொல்லிவிட்டே போகிற பிள்ளைகளும் உண்டு. அதனால் இதை வைத்து மட்டும் உங்களுக்கு உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அது இழுப்பறையில் இல்லை.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் "மேல்படிப்பு விஷயம் முடிவாகிவிட்டது" என்று ஒரு வரி வருகிறது. யார் முடிவு செய்தது என்று நீங்கள் எழுதவில்லை. தற்செயலாக விட்டுப்போயிருக்கலாம். ஆனால் "எனக்கு ஜன்னல்தான்" என்ற வரியை நான் அதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் படித்தேன். அந்த வரியைப் பார்த்துவிட்டு நீங்கள் அவள் அறையின் ஜன்னல் கொக்கியைச் சோதித்ததாக எழுதியிருப்பதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, மனதும் கனத்தது. கதவு என்றால் வெளியே போக வழி. ஜன்னல் என்றால் பார்க்க மட்டும்தான். அவள் சொல்ல நினைத்தது அதுவாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அவளைக் கேட்காமல் நாம் இரண்டு பேரும் ஊகிப்பதில் அர்த்தமில்லை.

வீட்டுக்குள் துப்பறிய வேண்டாம்

சஸ்பென்ஸ் நாவல் எழுதுகிறவருக்கு முடிவு முதலிலேயே தெரியும். அங்கிருந்து பின்னோக்கி நடந்து வந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொருளை வைத்துவிட்டுப் போவார். மேசையில் ஒரு சாவி கிடக்கிறது என்று எழுதினால் அந்தச் சாவி எதையாவது திறந்தாக வேண்டும், அல்லது நம்மை வேண்டுமென்றே தப்பான கதவுக்கு அழைத்துப் போக வேண்டும். டியூஷன் மாஸ்டர் அதற்காகத்தான் அந்த நாவலில் இருக்கிறார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதும் அவளுடைய குற்றம் என்பதைவிடக் கதையின் தேவை. மகளோடு மனம்விட்டுப் பேசுகிற அம்மாவாக இருந்திருந்தால் இரண்டாம் அத்தியாயத்திலேயே கதை முடிந்திருக்கும். புத்தகம் விற்காது.

300 பக்கம் இப்படிப் படித்த பிறகு நம் கண் பழகிவிடுகிறது. எதைப் பார்த்தாலும் தடயம். நீங்கள் மூன்று வாரமாக உங்கள் மகளை ஒரு சஸ்பென்ஸ் நாவலாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நாவலில் வருகிற சிம் கார்டு சும்மா வராது. வீட்டு இழுப்பறையில் கிடக்கிற சிம் கார்டு பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். என் மேசையில் இப்போது இரண்டு இருக்கின்றன. எந்த எண் என்று எனக்கே தெரியாது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. முடிவு தெரிந்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும். பரூக் பிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் பேர் அறியாத ஒரு பழைய போரைப் பற்றிய குறிப்பைப் பலருக்குக் கொடுத்தார். ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு முடிவு சொல்லப்பட்டது. எந்த முடிவைச் சொன்னாலும், முடிவு தெரியாதவர்களைவிட அந்தக் குழு அதற்குக் கூடுதல் வாய்ப்பு இருந்ததாக மதிப்பிட்டது. நாவலைப் படித்து முடித்தவர்கள் "அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியாமல் போச்சு?" என்று கேட்பதும் இப்படித்தான். 120-ஆம் பக்கத்தில் அவர்களுக்கும் தெரிந்திருக்காது. அவர்களில் எத்தனை பேர் டியூஷன் மாஸ்டரைச் சந்தேகித்தார்கள் என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

"இந்தக் காலத்தில் பிள்ளைகளைக் கடத்துவது சாதாரணமாகிவிட்டது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை நாவல்களும் செய்திகளும் சேர்ந்துதான் வளர்க்கின்றன. அமெரிக்க நீதித்துறைக்காக நடத்தப்பட்ட ஒரு தேசிய ஆய்வு, 1999-ஆம் ஆண்டில் காணாமல் போனதாகப் புகார் செய்யப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையை ஏறக்குறைய 8 லட்சம் என்று கணக்கிட்டது. அதே ஆண்டில், அந்நியரோ சற்றே அறிமுகமானவரோ பிள்ளையைக் கொண்டுபோய், பணம் கேட்பது, அடைத்து வைப்பது, கொல்வது என்று நாம் கதைகளில் பார்க்கிற வகைக் கடத்தல்கள் சுமார் 115. மற்றவர்களில் பெரும்பங்கு வீட்டைவிட்டுப் போனவர்கள், தகவல் பரிமாற்றத்தில் குழப்பம் ஆனவர்கள், வழி தவறியவர்கள். அது ஒரு நாட்டின் ஒரு வருடக் கணக்கு, எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் வீட்டைவிட்டுப் போகிற பிள்ளைகள் எதைவிட்டுப் போகிறார்கள் என்ற கேள்வி, யார் கொண்டுபோவார்கள் என்ற கேள்வியைவிட அதிகம் பயன்படும் என்பதை அது காட்டுகிறது.

வட்டத்தில் நடந்தது

உங்கள் தோழிகள் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். துன்பத்தில் இருப்பவருக்கு நம்மால் உதவ முடியாதபோது, அவர்மேலேயே குறை கண்டுபிடிக்கிற பழக்கம் மனிதர்களுக்கு உண்டு. மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் 1966-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்குவதாக மற்றவர்களை நம்பவைத்தார்கள். அவளைக் காப்பாற்ற வழியில்லை, அவள் வேதனை இன்னும் தொடரும் என்று நினைத்தவர்கள்தான் அவளை அதிகம் மட்டம் தட்டினார்கள். "அவ ஒழுங்கா இருந்திருந்தா இது நடந்திருக்காது" என்று சொல்லிக்கொண்டால், ஒழுங்காக இருக்கிற எனக்கு நடக்காது என்று நிம்மதி. அந்த அறையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் பிள்ளை பெற்றவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாவம், அவர்களுக்கும் அன்று தூக்கம் வந்திருக்காது.

அவர்கள் நாவலின் அம்மாவுக்குச் சொன்ன தீர்ப்பை நீங்கள் உங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பினீர்கள். மறுநாளே மகளும் அப்படிச் சொன்னதாகக் காதில் விழுந்தது. இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் "அந்த அம்மாவுக்கு மகளைத் தெரியவில்லை" என்றார்கள். மகள் "அந்த அம்மா கேட்கவில்லை" என்றாள். முதலாவதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை இன்று மாலையே சரிசெய்யத் தொடங்கலாம்.

தம்பி சொல்லும் செயலி

வேண்டாம். தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், இருந்தாலும் வேண்டாம்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாக, 18 வயது நிறையாத பிள்ளையின் போனைப் பெற்றோர் மேற்பார்வையிடுவதற்கு இடமுண்டு. அதே நேரம் 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு, குழந்தைக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்று சொல்கிறது. உங்கள் மகள் சில மாதங்களில் 18-ஐத் தொட்டுவிடுவாள். அப்புறம் அவளுக்குத் தெரியாமல் அவள் போனில் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், பல நாடுகளில் அது குற்றமாகவே ஆகலாம். "பிறந்தநாள் அன்று எடுத்துவிடுவோம்" என்று யாரும் எடுப்பதில்லை. இத்தகைய செயலிகள் சேர்த்து வைக்கிற செய்திகளும் படங்களும் இருப்பிடத் தகவல்களும் வெளியே கசிந்த சம்பவங்கள் பலமுறை நடந்திருக்கின்றன. மகளைப் பாதுகாக்கிறேன் என்று அவளுடைய எல்லாவற்றையும் முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் கையில் கொடுப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிவதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று ஹாக்கன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் வைத்து ஆராய்ந்தார்கள். 2000-இல் அது வெளிவந்தபோது இந்தத் துறையில் பலருடைய நினைப்பு மாறியது. பெற்றோர் போட்ட கட்டுப்பாடுகளைவிட, துருவித் துருவிக் கேட்டதைவிட, பிள்ளைகள் தாங்களாக வந்து சொன்னதுதான் பெற்றோரின் அறிவுக்கு முக்கிய ஊற்று. அந்த ஊற்றைத்தான் செயலி அடைத்துவிடும். என்றைக்காவது அவள் கண்டுபிடிப்பாள். 17 வயதுக்காரர்கள் போன் விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அன்றைக்கு நாவலின் நாயகியைப் போல இரண்டாவது போன் வாங்க அவளுக்கு ஒரு நியாயமான காரணத்தை நீங்களே கொடுத்திருப்பீர்கள்.

இரண்டு பேரும் பேசி, இரண்டு பேரும் ஒருவர் இருப்பிடத்தை ஒருவர் பார்க்கும்படி வைத்துக்கொள்வது வேறு விஷயம். உங்கள் லொகேஷனை அவளும் பார்க்கலாம் என்று இருந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். வேண்டாம் என்று அவள் சொன்னால் விட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டியவை

கதையில் வந்தவளுக்குப் பரிந்து பேசுவது இந்தப் பட்டியலில் இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொள்வதும் போனைத் திருப்பி வைப்பதும் இல்லை. கவனிக்க வேண்டியவை வேறு. பிரியமான பொருட்களைத் திடீரென்று மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது. உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற ரீதியில் பேசுவது. உடலில் காயங்கள், அல்லது அவற்றை மறைக்க எந்நேரமும் மூடிக்கொள்வது. வீட்டுக்கு வரும் ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒதுங்குவது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பணமோ பரிசோ. "இதை யாரிடமும் சொல்லாதே" என்று அவளிடம் கேட்டுக்கொள்கிற, வயதில் பெரிய ஒருவர். தூக்கம், சாப்பாடு, படிப்பு மூன்றும் ஒன்றாகச் சரிவது.

இவற்றில் எதையாவது பார்த்தால் காத்திருக்காமல், மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். உயிரை விடும் எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அவளிடம் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பல பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. உங்கள் கடிதத்தில் இந்த அறிகுறிகள் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் நான் பார்த்தது கடிதத்தை மட்டும்தான்.

நாவலிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட ஒரு தகவலையும் திருத்திவிடுகிறேன். அதில் போலீஸ் அதிகாரி "24 மணி நேரம் பொறுங்கள்" என்று சொல்கிறார். அது கதைகளில் ஊறிப்போன வசனம். பிள்ளை காணவில்லை என்றால் உடனே புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். காணாமல் போன சிறுவர் புகாருக்குக் காத்திருப்பு நேரம் வைக்கக்கூடாது என்று அமெரிக்காவில் 1990-லிருந்தே சட்டம் இருக்கிறது. இந்தியாவில் அத்தகைய புகாரைக் கட்டாயம் வழக்காகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. இன்னொரு பக்கம், 18 தாண்டியவர் தன் விருப்பத்தில் போயிருந்தால், அவர் பத்திரமாக இருக்கிறார் என்பதை மட்டும் உறுதி செய்துவிட்டு, அவர் சம்மதமில்லாமல் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் விடும் நடைமுறை பல நாடுகளில் உண்டு. நாவலின் கடைசியில் அந்த அம்மாவுக்கு முகவரி கிடைக்காமல் போவது உங்களுக்கு அநியாயமாகப் பட்டிருக்கிறது. சட்டம் அப்படித்தான் இருக்கும் இடங்கள் நிறைய.

எப்படித் தொடங்குவது

நோட்டைப் படித்ததைச் சொல்லிவிடுங்கள். இது நீங்கள் விரும்பாத பகுதி என்று தெரியும். பூசி மெழுகினால் அவளுக்குத் தெரிந்துவிடும். "உன் நோட்டை உன்கிட்ட கேக்காம படிச்சேன். பயத்துல செஞ்சேன், ஆனா செஞ்சது தப்பு. இனிமே செய்ய மாட்டேன்." இவ்வளவு போதும். "நீ அப்படிச் சொன்னதாலதான்" என்று ஆரம்பிக்காதீர்கள். மன்னிப்பு அங்கேயே செத்துப்போகும். அவள் கோபப்படுவாள். இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். அந்த இரண்டு நாளும் நீங்கள் சமாதானப்படுத்த ஓடாமல் இருப்பது நல்லது. கணவருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனில் நடுவராக நுழைந்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் நாவலுக்கு வாருங்கள். உங்களுக்கு அதைப் பற்றிப் பேச ஒரு சாக்கு ஏற்கெனவே இருக்கிறது, பல பெற்றோருக்கு அதுகூடக் கிடையாது. "அந்த அம்மா என்ன கேட்டிருக்கணும்னு நினைக்கறே?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவள் "தெரியல" என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். பதில் வேறொரு நாள், வேறு ஏதோ வேலையின் நடுவில் வரும். வரும்போது அது மேல்படிப்பைப் பற்றியதாக இருக்கலாம். அப்படி வந்தால் "அதுதான் முடிவாயிடுச்சே" என்ற வாக்கியத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாவது விழுங்கிவிடுங்கள். முடிவை மாற்றச் சொல்லவில்லை. யாருடைய முடிவு என்று பேசுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. கேள்விகளை வரிசையாக அடுக்கவும் வேண்டாம், அடுக்கினால் விசாரணையாகிவிடும். நாளுக்கு ஒன்று என்றால்கூட அதிகம்தான்.

இரவில் எழுந்து போய்ப் பார்ப்பதைத் திடீரென்று நிறுத்த முடியாது. ஒருமுறை பாருங்கள், திரும்பி வந்து படுங்கள், இரண்டாவது முறைக்கு எழ வேண்டாம். நான்கைந்து வாரம் கழித்தும் தூக்கம் வரவில்லையென்றால் உங்களுக்காகவே ஒருவரைப் பாருங்கள். மகளை அழைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

வாசிப்பு வட்டத்தை விட வேண்டாம். சஸ்பென்ஸ் நாவல்களையும் விட வேண்டாம். மகள் படிப்பதைத் தடுக்கவே கூடாது. அவள் உங்களிடம் பேசக் கிடைத்த வழி இதுவரை அது ஒன்றுதான். உங்களுக்குப் பயமாக இருக்கும் நாட்களில் என் கெட்ட பழக்கத்தைக் கடன் வாங்கிக் கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள். சுவை குறைந்துவிடும் என்பார்கள், அவ்வளவாகக் குறைவதில்லை.

கடிதத்தின் கடைசியில், அந்தப் புத்தகத்தை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மகள் அதில் சில பக்கங்களை மடித்து வைத்திருப்பதாகவும், இன்னும் அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். எந்தப் பக்கங்கள் என்று அவளிடமே கேளுங்கள்.